பாயிண்டை உரக்கச் சொன்னவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை, பயம்தான். எழுதினால், மலை ஏறும் ஏதோ ஒரு பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து, "இன்னா டைப்பிஸ்ட் தம்பி, என்னப் பத்தி எழுதிக்கினு கீறியாமே" என்று கேட்பார். டிரைவர் பிரேக் போடுவார். அவர் குரல் அப்படி.

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற சாலையில் அப்போது ஒரு ஜவ்வரிசி மில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம். அங்கே அவர் சேர்ந்து மூன்று மாதம் கழித்து நான் சேர்ந்தேன். எனக்கு முப்பத்தொரு வயது. ஏற்கெனவே நான்கு வேலைகளை விட்டிருந்தேன், அல்லது நான்கு வேலைகள் என்னை விட்டிருந்தன. தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்ததைத் தவிர என்னிடம் சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. மாமனார் வீட்டில் அதையும் சொல்லிக்கொள்ள முடியாது.

வேலைக்குச் சேரும்போது கொடுத்த தாளில் 'ஆறு மாதம் தகுதிகாண் பருவம்' என்று இருந்தது. மேனேஜர் அதைப் புரபேஷன் என்பார். மில்லில் மற்றவர்களுக்கு அது வெறும் 'ஆறு மாசம்'. "உனுக்கு ஆறு மாசம் முடிஞ்சிதா?" என்பதுதான் அங்கே சாப்பிட்டியா என்று விசாரிப்பது மாதிரி. ஆம்பிளைகள் ஒருவரையொருவர் இப்படிக் கேட்டுக்கொள்வதைப் பார்த்து, முதல் நாள் என்னைக் கொண்டுவந்து விட்ட என் மனைவி கொஞ்சம் குழம்பிப் போனாள்.

அவருக்கு வேலை பாயிண்ட் பார்ப்பது. மரவள்ளிக் கிழங்கில் மாவு எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அந்தத் தொழிலில் பாயிண்ட் என்று பெயர். ஒரு கூடைக் கிழங்கைத் தராசில் நிறுத்துவிட்டு, அதே கூடையைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி நிறுத்தால் முள் ஓர் எண்ணில் போய் நிற்கும். அந்த எண்ணை வைத்துத்தான் விலை. அவருக்கு முன்னால் இருந்த ஆள் முள்ளைப் பார்ப்பார், நடந்து போய் மேனேஜர் காதில் சொல்வார், மேனேஜர் சீட்டில் எழுதிக் கொடுப்பார். முள்ளுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு காது இருந்தது. அந்தக் காதுக்குள் இரண்டு பாயிண்ட் காணாமல் போகும். கரியாலூர்ப் பக்கமிருந்து ராத்திரியெல்லாம் மலைப்பாதையில் டிராக்டரை இறக்கிக்கொண்டு வந்தவர்கள் சீட்டைப் பார்த்து, "இந்த வருசம் மழ செரியில்ல" என்று தங்களையே சமாதானம் செய்துகொண்டு போவார்கள்.

இவர் வந்த முதல் நாள் முள்ளைப் பார்த்தார். நின்ற இடத்திலிருந்தே, "இருபத்தேழு" என்றார். வேலையாட்கள் பல தடவை சொல்லிக் காட்டியதைக் கேட்டிருக்கிறேன். வாசலில் கட்டியிருந்த மாடு எழுந்துகொண்டதாம். டிராக்டர் மேல் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்களாம். சீட்டில் இருபத்தைந்து என்று எழுதப்போன மேனேஜரின் பேனா பாதியில் நின்று, ஐந்தை வளைத்து ஏழாக்கியதாம்.

"காதாண்ட வந்து சொல்லுன்னு சொன்னன் இல்லய்யா" என்றாராம் மேனேஜர்.

அடுத்த லோடுக்குக் காதண்டை போய்ச் சொன்னார். மேனேஜர் நாற்காலியோடு நகர்ந்ததுதான் மிச்சம். டிராக்டர்காரர்களுக்கு அதுவும் கேட்டது.

நான் சேர்ந்தபோது நிலைமை முற்றியிருந்தது. மலைக்காரர்கள் அவர் இருக்கிற நேரம் பார்த்து லோடு இறக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் சாப்பிடப் போனால் டிராக்டர்களும் வேப்பமரத்தடியில் காத்திருக்கும். "பாயிண்ட்டுக்காரரு வரட்டும்" என்பார்கள்.

இன்றுவரை எனக்குத் தீராத சந்தேகம் ஒன்று உண்டு. நேர்மைக்காக உரக்கச் சொன்னாரா, உரக்கத்தான் சொல்ல வரும் என்பதால் நேர்மையாக இருந்தாரா? கேட்டுவிடலாம்தான். பதிலை ஊரே கேட்கும் என்பதால் கேட்கவில்லை.

இந்தத் தொண்டை எப்படி வந்தது என்பதற்கு அவரே ஆளுக்கொரு கதை சொல்வார். சின்ன வயதில் மலையில் இந்தச் சரிவிலிருந்து எதிர்ச் சரிவுக்குப் பேசிப் பழகியது என்பார். மணலூர்பேட்டையில் நெல் மிஷின் பக்கத்தில் பத்து வருடம் நின்றதால் வந்தது என்பார். என்னிடம் சொன்னது வேறு: "எம் பொஞ்சாதிக்குக் காது கேக்காது தம்பி." எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிட்டார் என்று மலைக்குப் போனேன். அந்தம்மா உள்ளே சாமை சோறு வடித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றிய சத்தம் கேட்டு, "வாங்க தம்பி" என்று மெல்லிய குரலில் கூப்பிட்டார்.

"அவுங்களுக்குக் காது கேக்காதுன்னீங்களே அண்ணே?"

"நான் சொன்னா கேக்காதுன்னு சொன்னன்" என்றார். உள்ளே அந்தம்மா சிரித்தார். எதிர்ச் சரிவிலும் யாரோ சிரித்த மாதிரி இருந்தது.

சாராயம் தொடமாட்டார். ஒரு கல்யாண வீட்டில் யாரோ வற்புறுத்தியபோது, "குடிக்காமயே இப்பிடி. குடிச்சா ஊரு தாங்குமா?" என்று டம்ளரைத் தள்ளிவிட்டார். டீயைக்கூட ஆறவைத்துத்தான் குடிப்பார், தொண்டைக்கு ஆகாதென்று. அந்தத் தொண்டையைக் காப்பாற்றி என்ன செய்யப் போகிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அவருக்கு ஐந்தாவது மாதம் முடிகிற வாரம், மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொன்னார். நான் டைப்ரைட்டரில் தாளைச் செருகினேன். 'பணி நேரத்தில் குடிபோதையில் வந்து, கூச்சலிட்டு, ஆலையின் ஒழுங்கைக் கெடுத்தமையால் இன்று முதல் தாங்கள் பணிநீக்கம் செய்யப்படுகிறீர்கள்.' 'குடிபோதையில்' என்ற இடத்தில் என் விரல் நின்றது. நான் எதிர்ப்புத் தெரிவிக்கத்தான் வாயைத் திறந்தேன். இருமல் வந்தது.

"தண்ணி குடி" என்றார் மேனேஜர்.

குடித்தேன். அடித்தேன். என்னுடைய ஆறு மாதத்தில் இரண்டுதான் முடிந்திருந்தது.

மறுநாள் அவர் அந்தக் கடிதத்தை மில்லுக்கு எதிரிலிருந்த டீக்கடையில் நின்று படித்தார். மனசுக்குள் படிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அவர் குடிகாரர் என்பதை அவர் வாயாலேயே சாலையின் இரண்டு பக்கமும் கேட்டது.

"வேல பூட்டா பூட்டுது" என்றார். "குடிச்சன்னு எழுதிக்கீறானே. இன்னொரு மில்லுக்குப் போனா, எனுக்கு முன்னாடி இந்தக் காயிதம் போயி நிக்குமே."

அந்தக் கடையில் ரிட்டையரான கண்டக்டர் ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். சங்கத்தில் இருந்தவர். கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். அவர் முகத்தில் ஏதோ பண்டிகை வந்த மாதிரி தெரிந்தது.

"குடிச்சன்னு எழுதிட்டானா? நல்லதாப் போச்சு."

"இன்னாய்யா நல்லது? நான் தொட்டதே கெடையாது."

"அதான் சொல்றன். வேல புடிக்கல, போன்னு ஒரு வரி எழுதியிருந்தான்னா ஒண்ணியும் பண்ண முடியாது. ஆறு மாசக்காரனுக்கு அவ்ளோதான். இவன் பழி போட்டுக்கீறான். பழி போட்டா விளக்கம் கேக்கணும், விசாரண வெக்கணும். ஆறு நாளு வேல பாத்தவனா இருந்தாலும் வெக்கணும். கோவத்துல ஜாஸ்தி எழுதிட்டான்யா உங்க மேனேஜரு."

ஜாஸ்தியாக எழுதியது மேனேஜர், அடித்தது நான் என்பதை அங்கே நான் தெளிவுபடுத்தவில்லை. பன் ஒன்று வாங்கி வாயை அடைத்துக்கொண்டேன்.

விழுப்புரத்தில் தொழிலாளர் அதிகாரியிடம் அவர் மனுக் கொடுத்தார். அதற்கப்புறம் நடந்ததை விவரமாக எழுதினால் படிக்கிற உங்களுக்கும் கால் வலிக்கும். முதல் தேதிக்கு மில் தரப்பில் யாரும் வரவில்லை. இரண்டாம் தேதிக்கு அவகாசம் கேட்டு ஒரு தாள் வந்தது, அதையும் நான்தான் அடித்தேன். மூன்றாம் தேதிக்கு மேனேஜருக்கு வயிற்றுப்போக்கு என்று ஒரு தாள். அதையும். ஒவ்வொரு தடவையும் அவர் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, விழுப்புரம் போய், பெஞ்சில் உட்கார்ந்து, சாயங்காலம் திரும்புவார். இடையில் கிடைத்த கூலி வேலைக்குப் போனார். மூன்று மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. குரல் மட்டும் இளைக்கவில்லை.

நான்காம் தேதிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னிடம் இன்னொரு கடிதம் சொன்னார். பழைய தேதி. 'தங்கள் பணி திருப்திகரமாக இல்லாததால்' என்று ஒரே வரி. குடியும் இல்லை, கூச்சலும் இல்லை.

"இதான் நம்ம ஆபீஸ் காப்பி" என்றார். "அவன் வெச்சிக்கினு கீறது நாம குடுத்ததே இல்ல. புரியுதா?"

புரிந்தது. எனக்குப் புரிந்தால் வயிற்றில்தான் தெரியும். அன்று மூன்று தடவை பின்கட்டுக்குப் போய்வந்தேன். சாயங்காலம் டீக்கடையில் அவரைப் பார்த்ததும் தாங்கமுடியாமல், ஓரமாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதல் கடிதமும் நான்தான், இரண்டாவதும் நான்தான் என்று. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே, எனக்கு ஆறு மாசம் முடியல" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊரில் எத்தனையோ பேர் இருக்க, ரகசியம் சொல்ல நான் தேர்ந்தெடுத்த ஆள் அவர். என் புத்திசாலித்தனத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அவர் அதிசயமாக ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை விழுப்புரம். மேனேஜரும் நானும் காரில் போனோம். பைல் என் மடியில் இருந்தது. அதிகாரி ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும். மேஜைமேல் கட்டுக்கட்டாகக் காகிதம், ஓரத்தில் பாதி சாப்பிட்ட டிபன் பாக்ஸ். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர், "இவரு கொண்டாந்தது எங்க லெட்டரே இல்லீங்க மேடம். யாரோ அடிச்சிக் குடுத்துக்கீறாங்க" என்றார். அந்த அம்மா எங்கள் எல்லோரையும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். மேனேஜர் சிகரெட் பிடிக்கக் கீழே இறங்கினார்.

வராந்தாவின் இந்தக் கோடியில் நாங்கள் இருவர். அறைக் கதவு திறந்திருந்தது. நான் சுவரோடு சுவராக நின்றிருந்தேன். என் முகம் எப்படி இருந்ததோ, அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. கிட்டே வந்தார். வாயருகே கையை வைத்து மறைத்துக்கொண்டார். என் காதண்டை குனிந்தார்.

"பயப்படாத தம்பி. ரெண்டு லெட்டரும் நீதான் அடிச்சன்னு நான் உள்ள சொல்லவே மாட்டன். உனுக்கு ஆறு மாசம் முடியல இல்ல."

பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். மாடிப்படியில் மேனேஜரின் செருப்புச் சத்தம் நின்றது. வராந்தாவின் கோடியில் ஏதோ பீடிக் கம்பெனி கேஸுக்கு வந்திருந்த பத்துப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளேயிருந்து அந்த அம்மா, "ஆறு மாசம் முடியாதது யாருங்க? உள்ள வாங்க" என்றார்.

அன்று நான் தைரியமாகச் சாட்சி சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நடந்தது இது:

"இது ரெண்டும் நீங்க அடிச்சதா?"

"மெஷின் அடிச்சதுங்க மேடம்."

"மெஷினை யார் அடிச்சது?"

"நான்தாங்க."

"எப்ப?"

"மொதல்ல இருக்கறது மூணு மாசம் முன்னங்க. ரெண்டாவது போன வெள்ளிக்கெழமைங்க. வயசான அம்மா இருக்காங்க மேடம்."

கடைசி வாக்கியத்தை அந்த அம்மா கேட்கவில்லை. நானாகக் கொடுத்தது.

மேனேஜரை உட்காரச் சொல்லி அந்த அம்மா நிதானமாகச் சொன்னார். "வேலை சரியில்லைன்னா புரபேஷன்ல இருக்கறவரை அனுப்பலாம். குடிச்சார்னு எழுதினா அது குற்றச்சாட்டு. அவரை ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஆறு மாசம் முடியலைங்கறதுக்காக ஒருத்தர் பேரைக் கெடுக்கற உரிமை உங்களுக்கு வந்துடாது. இந்த ரெண்டாவது லெட்டரை நான் பைல்ல வெக்கட்டுமா, நீங்களே எடுத்துக்கறீங்களா?"

மேனேஜர் எடுத்துக்கொண்டார். பழைய கடிதம் ரத்து, குடி என்ற பேச்சே இல்லை, திங்கள்கிழமை முதல் வேலை என்று ஒப்பந்தம் எழுதினார்கள். ஆனால் ஆறு மாதம் மறுபடி முதலிலிருந்து.

"இதுக்கு நீங்க ஒத்துக்கணும்னு இல்லை" என்றார் அந்த அம்மா அவரிடம். "ஒத்துக்கலைன்னா கேஸ் கோர்ட்டுக்குப் போகும்."

"எத்தினி வருசம் ஆவுங்க?"

அந்த அம்மா பொய் சொல்லாதவர். மின்விசிறியைப் பார்த்தார். பாயிண்ட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "குடிக்கலன்னு ஆச்சு இல்ல, அது போதும்" என்றார். பீடிக் கம்பெனிக்காரர்கள் தலையாட்டினார்கள்.

திங்கள்கிழமை போனால் தராசில் வேறு ஆள் இருந்தார். இவரைக் களத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வேகவைத்த ஜவ்வரிசியை வெயிலில் பரப்பி, காலால் கோடு இழுத்துக் காயவைக்கிற வேலை. மில்லின் பின்பக்கம், ஆபீசுக்குக் கீழே இருக்கிறது களம். நடுவில் மிஷின் ஓடுகிற இரைச்சலில், அங்கிருந்து எவ்வளவு உரக்கச் சொன்னாலும் வாசலில் நிற்கிற டிராக்டருக்குக் கேட்காது. சொல்வதற்கும் எண் எதுவும் இல்லை. முள் ஒரு பக்கம், தொண்டை ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டார்கள். மலைக்காரர்கள் இரண்டு வாரம் விசாரித்தார்கள். பிறகு, "மழ செரியில்ல" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

எனக்கு ஆறு மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டார். கோபமே இல்லை. முகம் கழுவின மாதிரி இருந்தார்.

"ஒரு லெட்டர். 'உங்க வேல திருப்தியில்ல. அதனால இன்னியோட அனுப்பறம்.' அவ்ளோதான்."

"யார் பேருக்குங்க சார்?"

"உன் பேருக்குத்தான்."

அடித்தேன். அவர் சொன்ன கொச்சையை அப்படியே அடிக்க மனம் வரவில்லை. 'தங்கள் பணி திருப்திகரமாக இல்லாததால், இன்றுடன் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்' என்று திருத்தினேன். ஒரு பிழை இல்லை, ஓர் அழித்தல் இல்லை. மேனேஜர் படித்துப் பார்த்து, "நல்லா அடிக்கிற" என்றார். நான் நன்றி வேறு சொன்னேன்.

அவர் களத்திலிருந்து ஓடிவந்தார். முழங்கால் வரை வெள்ளை மாவு. கடிதத்தைப் பிடுங்கி, வழக்கம்போல ஊருக்கே படித்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"இன்னா தம்பி, இதுல உன்னத் திட்டவே இல்லியே."

"அதாங்கண்ணே."

டீக்கடைக்குக் கூட்டிப்போனார். கண்டக்டர் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். "கத்துக்கினு எழுதிக்கீறான்யா" என்றார். "காரணம் உள்ளுக்குள்ள கீது. எடுத்துக் காட்டணும்னா உனுக்கு ஆளு வேணும், வருசம் வேணும். ரெண்டும் உங்கிட்ட கெடையாது."

பாயிண்ட்டுக்காரரால் அதை ஏற்க முடியவில்லை. "நீ ஒருவாட்டி குடிச்சிட்டு வந்திருக்கலாம் இல்ல?" என்று என்னையே கோபித்துக்கொண்டார். "என்னக் குடிகாரன்னாவது எழுதினான். உன்ன ஒண்ணுமே எழுதலியே தம்பி. ஒண்ணுமே இல்லாம ஒரு ஆள அனுப்புவாங்களா?"

நான் சின்னசேலத்தில் ஒரு விதைக்கடையில் சேர்ந்துகொண்டேன். அங்கே புரபேஷன் என்ற பேச்சே இல்லை, எல்லா நாளும் அதுதான். மில்லுக்குக் கிழங்கு ஏற்றிப்போகும் லாரி டிரைவர் ஒருவர் கடைக்கு வருவார். அவர்தான் சொன்னார். தினமும் பதினொரு மணிக்கு டீக்கு விடும்போது, பாயிண்ட்டுக்காரர் களத்திலிருந்து வந்து ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறாராம். "டைப்பிஸ்ட்டு இன்னா தப்பு பண்ணான், எழுதிக் குடுங்க" என்று மேலே பார்த்துக் கேட்கிறாராம். மேனேஜர் ஜன்னலைச் சாத்திவிடுகிறாராம். இவர் டீயை ஆறவைத்துக் குடித்துவிட்டுக் களத்துக்குப் போய்விடுகிறாராம். மறுநாளும்.

அவருடைய புது ஆறு மாதத்தில் நான்குதான் முடிந்திருந்தது. "போதும்னு சொல்லுங்க. அவரு வேல போயிடும். எனக்காகக் கேக்க வேணாம்னு சொல்லுங்க" என்று டிரைவரிடம் கெஞ்சினேன். என் சங்கடம் அவர் வேலையைப் பற்றி மட்டும்தானா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. தினமும் ஒருவர் என் பெயரை ஊர் கேட்கச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குக் கூச்சமாகவும் இருந்தது.

டிரைவர் போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் பதில் கொண்டுவந்தார்.

"அவனுக்கு இன்னா. நான் எனக்காகக் கேக்கறன்னு சொல்லு" என்றாராம்.

அவருக்கு ஆறாவது மாதம் முடிந்த அன்று எந்தக் கடிதமும் வரவில்லை. நிரந்தரம் என்றும் வரவில்லை, போ என்றும் வரவில்லை. மில்லில் அதுவரை புது டைப்பிஸ்ட் வைக்கவில்லை, அதுவும் காரணமாக இருக்கலாம். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இறங்கி, களத்தில் கோடு இழுத்து, பதினொரு மணிக்கு ஜன்னலடியில் போய் நின்றார் என்றார் டிரைவர்.